பிரெஞ்சு நிருவாகத்தில் இயந்திரத் தீர்மானமும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

அரச நிருவாகம் நாள்தோறும் எண்ணற்ற தீர்மானங்களை மேற்கொள்கின்றது. ஒரு குடும்பத்துக்கு உதவிப்பணம் வழங்குவதா, ஒரு மாணவனைப் பல்கலைக்கழகத்தில் அனுமதிப்பதா, ஒரு வணிகரின் வரிக்கணக்கை மறுபரிசோதனை செய்வதா என்பன அவற்றுட் சில. சாதாரண மக்கள் அரசை நேரிற் சந்திப்பது பெரும்பாலும் இத்தகைய சிறு தீர்மானங்களின் வாயிலாகவேயாகும். முன்னர் எழுதுவினைஞரும் அதிகாரியும் கோப்பைப் புரட்டிப் பார்த்துச் செய்த இப்பணியிற் பெரும்பகுதி இன்று கணனியின் துணையுடன் நடைபெறுகின்றது. சில இடங்களில் கணனியே அதனை முழுமையாகச் செய்துவிடுகின்றது.

செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் பரவலான வழக்குக்கு வந்த பின்னரே இது பற்றிய சட்டச் சிந்தனை தோன்றியது என்ற கருத்துப் பொதுவாக நிலவுகின்றது. இக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. கணனியைச் சட்டத்தின் கட்டுக்குள் கொணரும் முயற்சி ஐரோப்பாவில் 1970களிலேயே தொடங்கிவிட்டது. ஜேர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1970இலும் சுவீடன் 1973இலும் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. ஆயினும், தரவைப் பாதுகாப்பதோடு நில்லாது, தரவைக் கொண்டு மேற்கொள்ளப்படும் தீர்மானத்தையே பொருளாகக் கொண்டு விதி வகுத்த முன்னோடி நாடு பிரான்சு ஆகும். 1978இல் அந்நாடு வகுத்த விதியில் இடம்பெற்ற ஒரு சொல்லின் வரலாறே அதன் பின்வந்த சட்ட வரலாறு எனக் கூறின் அது மிகையாகாது. அச்சொல் எச்சூழலில் தோன்றியது, யாருக்குப் பயன்பட்டது, எவ்வாறு வலுவிழந்தது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எண்ணும் அட்டையும்

பிரெஞ்சு மக்கள் கணனியின்பாற் கொண்ட ஐயத்துக்குக் கணனிக்கு முற்பட்ட ஒரு வரலாறு உண்டு. 1940இல் ஜேர்மனியப் படைகளிடம் பிரான்சு தோல்வியுற்றபின் அமைந்த விஷி ஆட்சிக் காலத்தில், ரெனே கார்மீய் என்னும் இராணுவக் கணக்காய்வு அதிகாரி துளையிட்ட அட்டை இயந்திரங்களைக் கொண்டு நாட்டின் குடிமக்களைப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டார். 1941இல் ஒவ்வொருவருக்கும் 13 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று வகுக்கப்பட்டது. பால், பிறந்த ஆண்டு, மாதம், இடம், பதிவு வரிசை ஆகியன அவ்வெண்ணில் அடங்கியிருந்தன. முதலிலக்கம் ஆண், பெண் என்னும் வேறுபாட்டைச் சுட்டியது. ஆயின் அல்ஜீரியாவில் அதே முதலிலக்கம் முஸ்லிம்களையும் யூதர்களையும் ஐரோப்பியரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டவும் பயன்படுத்தப்பட்டது. ஓர் எண்ணின் முதலாவது இடத்தில் எழுதப்படும் இலக்கம் ஒரு மனிதனின் தலைவிதியை நிருணயிக்கக்கூடும் என்பதற்கு அக்காலம் தந்த சான்று இது.

கார்மீய் பின்னர் ஜேர்மனிய எதிர்ப்பு இயக்கத்திற் பங்குகொண்டு, 1944இற் கைதுசெய்யப்பட்டு, 1945 ஜனவரியில் டாக்கௌ வதைமுகாமில் உயிர்நீத்தார். அவர் உருவாக்கிய எண் அழியவில்லை. 1946இல் நிறுவப்பட்ட தேசியப் புள்ளிவிபர நிறுவனம் அதனைப் பேணிற்று. இனவேறுபாட்டு இலக்கங்கள் நீக்கப்பட்ட நிலையில், சமூகப் பாதுகாப்பு எண்ணாக அது ஒவ்வொரு குடிமகனின் கைக்கும் வந்து சேர்ந்தது. விஷி ஆட்சி வீழ்ந்தபோதும் அதன் நிருவாகக் கருவி நிலைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. ‘சபாரி’ விவகாரம்

1970களின் தொடக்கத்தில் தேசியப் புள்ளிவிபர நிறுவனம் அவ்வெண்களின் பதிவேட்டைக் கணனிமயப்படுத்தும் திட்டமொன்றை வகுத்தது. நிருவாகக் கோப்புகளுக்கும் ஆட்பதிவேட்டுக்கும் உரிய தன்னியக்க முறைமை எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குச் ‘சபாரி’ எனப் பெயரிட்டனர். வெவ்வேறு அமைச்சுகளில் தனித்தனியாகக் கிடந்த கோப்புகளை ஒரே எண்ணின் வழியாக ஒன்றோடொன்று இணைப்பதற்கு இத்திட்டம் வழிசெய்வதாய் இருந்தது.

1974 மார்ச் 21ஆம் திகதி ‘லு மொண்ட்’ நாளேட்டில் பிலிப் பூஷே என்னும் பத்திரிகையாளர், ‘சபாரி, அல்லது பிரெஞ்சு மக்களை வேட்டையாடுதல்’ எனப் பொருள்படும் தலைப்பில் இத்திட்டத்தை வெளிப்படுத்தினார். திட்டமிட்டோர் சூட்டிய பெயரே அவர்களுக்கு எதிரான ஆயுதமாயிற்று. எழுந்த கண்டனத்தின் விளைவாக, எட்டு நாட்களுக்குள், மார்ச் 29ஆம் திகதி, பிரதமர் பியேர் மெஸ்மேர் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் அமைச்சுகளுக்கிடையே கோப்புகளை இணைப்பதைத் தடைசெய்தார். அதே ஆண்டு நவெம்பரில் இப்பிரச்சினையை ஆராயவென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பேர்னார் ஷெனோ அதற்குத் தலைமை தாங்க, பேர்னார் திரிக்கோ அதன் அறிக்கையைத் தயாரித்தார். அவ்வறிக்கையே 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிகோலிற்று.

மக்கள் அன்று அஞ்சியது இயந்திரத்தின் அறிவுக்கன்று என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். அக்காலக் கணனி தானாக எதனையும் ‘கற்றுக்கொள்ள’ வல்லதன்று. கோப்புகள் சிதறிக் கிடப்பதனால் குடிமகனுக்குக் கிடைத்த இயல்பான பாதுகாப்பு மறைந்துவிடும் என்பதே அவ்வச்சத்தின் அடிப்படை. நிருவாகத்தின் சோம்பலும் ஒழுங்கின்மையுங்கூட ஒருவகையிற் சுதந்திரத்துக்கு அரணாய் இருந்தன. அவ்வரண் வீழும்போது அதனிடத்தில் சட்டம் எழவேண்டியதாயிற்று.

3. 1978ஆம் ஆண்டுச் சட்டம்

1978 ஜனவரி 6ஆம் திகதிய சட்டம் கணனியும் கோப்புகளும் சுதந்திரங்களும் பற்றியது. கணனி ஒவ்வொரு குடிமகனுக்கும் தொண்டு செய்வதாக அமையவேண்டும் என்பது அதன் முதலாவது வாசகத்தின் கருத்து. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளே இங்கு முதன்மையாக நோக்கற்பாலன.

இரண்டாம் பிரிவு மனித நடத்தையை மதிப்பிடும் தீர்மானங்களை இருவகையாகப் பிரித்தது. நீதிமன்றத் தீர்மானம் எதுவும் ஒருவரின் குணவியல்பை வரையறுக்கும் தன்னியக்கத் தரவுச் செயன்முறையை அடிப்படையாகக் கொள்ளலாகாது. நிருவாகத் தீர்மானமோ தனியார் தீர்மானமோ அத்தகைய செயன்முறையைத் ‘தனியடிப்படையாகக்’ கொள்ளலாகாது. முன்னையது முற்றான தடை. பின்னையது நிபந்தனைக்குட்பட்ட தடை. நீதிபதிக்கு இயந்திரத்தின் துணை அறவே மறுக்கப்பட, நிருவாக அதிகாரிக்கோ அது துணையாக இருக்கலாம், ஆயின் தனியொரு சான்றாக இருத்தலாகாது என விதிக்கப்பட்டது. ‘தனி’ என்னும் அடைமொழி ஒன்றிலேயே நிருவாகத்துக்குரிய விதியின் முழுப் பாரமும் தங்கிற்று.

மூன்றாம் பிரிவு, தனக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் தன்னியக்கச் செயன்முறையின் தகவல்களை மட்டுமன்றி, அதிற் கையாளப்பட்ட நியாயப்போக்கையும் அறிந்து மறுத்துரைக்கும் உரிமையை எவருக்கும் வழங்கிற்று. இன்று ‘விளக்கம் பெறும் உரிமை’ எனப் புதுமையாகப் பேசப்படுவதன் கரு இதிலே காணப்படுகின்றது.

இச்சட்டம் தனித்து எழுந்ததுமன்று. 1978 ஜூலையில் நிருவாக ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையும், 1979 ஜூலையில் பாதகமான தீர்மானங்களுக்குக் காரணங்கூறும் கடமையும் சட்டமாயின. மூன்றையும் ஒருசேர நோக்குமிடத்து, வாய்திறவாத அரசைப் பதில்கூறும் அரசாக மாற்றும் முயற்சியின் ஒரு பகுதியாகவே கணனிச் சட்டமும் விளங்கக் காணலாம்.

சட்டத்தின் காவலனாகக் கணனிக்கும் சுதந்திரங்களுக்குமான தேசிய ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதன் வலிமையை எடுத்துக்காட்டும் முதற்சம்பவங்களுள் ஒன்று 1981இல் நிகழ்ந்தது. பிறந்த குழந்தைகளின் கட்டாய மருத்துவச் சான்றிதழ்களிலிருந்து தகவல்களைத் திரட்டி, ‘ஆபத்துக்குள்ளாகக்கூடிய’ குழந்தைகளைக் கணனியின் மூலம் முன்கூட்டியே தெரிவுசெய்யும் ‘கமென்’ என்னும் முறைமை 1970களிற் செயற்பட்டு வந்தது. மருத்துவத் தகவல்களுடன் குடும்பத்தின் சமூகநிலை பற்றிய தகவல்களும் அதிற் சேர்க்கப்பட்டன. தாய்சேய் நலத்தைப் பேணும் நன்னோக்கமே அதன் பின்னணி. எனினும் ஆணைக்குழு 1981 ஜூனில் அம்முன்தெரிவுக்கு எதிராகக் கருத்துரைத்தது. எந்தக் குடும்பத்தைச் சந்திக்கவேண்டும் என்பதை மருத்துவரும் சமூக ஊழியரும் அறிந்து தெரிவுசெய்யலாம். தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்குக் கணனி ஆபத்து முத்திரை இடலாகாது என்பதே அந்நிலைப்பாட்டின் சாரம். பிற்காலத்தில் எழவிருந்த பெரும் பிரச்சினையின் முன்னோட்டம் இதுவென்பது பின்னர் தெளிவாகும்.

4. சொல்லின் பயணம்

பிரெஞ்சு விதி தன் நாட்டு எல்லையைக் கடந்து சென்றது. 1995இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த தரவுப் பாதுகாப்புப் பணிப்புரையின் 15ஆம் உறுப்புரை, தன்னியக்கச் செயன்முறையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட தீர்மானத்துக்கு ஆட்படாதிருக்கும் உரிமையை அங்கீகரித்தது. 2016இல் நிறைவேறி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 22ஆம் உறுப்புரை அதனையே வலுப்படுத்தியது. ‘மட்டும்’ என்னும் சொல் இவ்விரண்டிலும் நிலைபெற்றது. ஒவ்வொரு தடவையும் விதிவிலக்குகளும் சேர்ந்தன. உரிய பாதுகாப்புகளுடன் சட்டம் அனுமதிக்குமிடத்துத் தன்னியக்கத் தீர்மானம் செல்லுபடியாகும் என்பது அவற்றுள் முதன்மையானது.

பல பத்தாண்டுகளாக இவ்விதி பெருமளவுக்கு ஏட்டிலேயே உறங்கிற்று எனலாம். அதனைத் தட்டியெழுப்பியோர் சட்ட அறிஞர்களல்லர். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்துநின்ற மாணவர்களே அப்பணியைச் செய்தனர்.

5. பல்கலைக்கழக அனுமதியும் குலுக்கற் சீட்டும்

பிரான்சில் உயர்தரப் பரீட்சையில் தேறிய எவரும் அரச பல்கலைக்கழகமொன்றிற் சேரும் உரிமை உடையவர். பல்கலைக்கழகங்கள் திறமையின் அடிப்படையில் மாணவரைத் தெரிவுசெய்வதைச் சட்டம் நீண்டகாலம் தடுத்தது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால், வதிவிடம், குடும்பநிலை, மாணவரின் விருப்ப வரிசை ஆகியவற்றைக் கருத்திற் கொள்ளுமாறு மட்டும் அது பணித்தது. 2009இல் நாடு முழுவதற்கும் பொதுவாகிய கணனி முறைமை ஒன்று இப்பணியை ஏற்றது. 2010களின் நடுப்பகுதியில் எட்டு இலட்சம் அளவிலான விண்ணப்பதாரரின் விருப்பங்கள் ஆண்டுதோறும் அதனூடாகச் சென்றன.

மாணவர் தொகை பெருகவே, சட்டம், உளவியல், மருத்துவம், விளையாட்டுக் கல்வி போன்ற நெறிகளில் நெருக்கடி முற்றிற்று. சட்டங் கூறிய அளவுகோல்களாற் பிரித்தறிய முடியாதவிடத்துக் கணனி குலுக்கல் முறையைக் கையாண்டது. ஒருவன் மருத்துவனாவதும் ஆகாதொழிவதும் சீட்டு விழும் பாங்கினாற் தீர்மானிக்கப்படலாயின. நிராகரிக்கப்பட்ட மாணவனுக்கு அதற்கான காரணமும் உரிய முறையில் விளக்கப்படவில்லை.

மாணவர் உரிமைச் சங்கம் ஒன்று அம்முறைமையின் மூல நிரலைக் கோரிற்று. நிருவாக ஆவணங்கள் பற்றிய ஆணைக்குழு அக்கோரிக்கைக்குச் சாதகமாக 2016இற் கருத்துரைத்தது. கணனி நிரலும் 1978 ஜூலைச் சட்டம் கூறிய ‘ஆவணம்’ என்பதனுள் அடங்கும் என்பதே அதன் நிலைப்பாடு. அவ்வாண்டு ஒக்டோபரில் கல்வி அமைச்சு நிரலின் ஒரு பகுதியைக் கணனியில் இயக்க இயலாதவாறு காகிதத்தில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிவைத்தது. சட்டத்தின் சொல்லுக்குப் பணிந்து அதன் பொருளுக்குப் பணியாத நிருவாக மனப்பாங்குக்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

அதே மாதத்தில் நிறைவேறிய இலக்கக் குடியரசுச் சட்டம், அல்கோரிதத்தின் அடிப்படையில் ஒருவர் குறித்து மேற்கொள்ளப்படும் நிருவாகத் தீர்மானம் ஒவ்வொன்றும் அவ்வுண்மையை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும் என விதித்தது. 2017 மார்ச்சில் வெளியான கட்டளை ஒன்று, கேட்பவருக்கு விளக்கவேண்டிய விடயங்களை வரையறுத்தது. அல்கோரிதம் தீர்மானத்துக்கு எவ்வளவு தூரம் பங்களித்தது, எத்தரவுகள் எங்கிருந்து பெறப்பட்டன, எவ்வளவுகோலுக்கு எவ்வளவு நிறை கொடுக்கப்பட்டது, எச்செயற்பாடுகள் நிகழ்ந்தன என்பன அவை. 1978இன் ‘நியாயப்போக்கு’ என்னும் பொதுச்சொல் இங்கு நான்கு திட்டவட்டமான வினாக்களாக வடிவம் பெற்றது.

2017 செப்டெம்பரில் கணனிக்கும் சுதந்திரங்களுக்குமான ஆணைக்குழு தன் முடிவைப் பகிரங்கப்படுத்தியது. நெருக்கடி மிக்க நெறிகளில் மனிதத் தலையீடு எதுவுமின்றிக் கணனியே தீர்மானிக்கின்றது எனவும் அது சட்டத்துக்கு மாறானது எனவும் கூறி, குறையைத் திருத்துமாறு அமைச்சுக்கு அறிவித்தல் விடுத்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ‘தனியடிப்படை’ என்னும் சொல் மாணவரின் பக்கம் நின்றது. அம்முறைமை அவ்வாண்டோடு கைவிடப்பட்டது.

6. மனிதன் திரும்பினான், மறைப்பும் திரும்பிற்று

2018 ஜனவரியில் ‘பார்க்கூர்சுப்’ என்னும் புதிய முறைமை செயற்படத் தொடங்கியது. அதற்கான சட்டம் அதே ஆண்டு மார்ச் 8ஆம் திகதி வந்தது. குலுக்கல் ஒழிந்தது. மாணவர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தும் முறையும் ஒழிந்தது. விண்ணப்பங்களை ஆராய்ந்து வரிசைப்படுத்தும் பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. விருப்பங்களையும் இடங்களையும் பொருத்தும் தேசிய அல்கோரிதத்தின் மூல நிரல் மே மாதத்தில் வெளியிடப்பட்டது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு மனிதனும் வெளிப்படைத் தன்மையும் ஒருங்கே வெற்றிபெற்றன என்றே தோன்றும்.

உண்மை அவ்வளவு எளிதன்று. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை எதிர்கொண்ட ஆசிரியர் குழுக்கள் பல, புள்ளிகளுக்கு நிறைகொடுத்து முதல்வரிசையைத் தயாரிக்கும் கணனிக் கருவிகளை நாடின. இவை ‘தீர்மானத்துக்குத் துணைபுரியும் கருவிகள்’ எனப் பெயர்பெற்றன. குழுவொன்று இறுதியிற் கூடி ஒப்பமிடுவதனால் இயந்திரம் ‘தனியடிப்படை’ ஆவதில்லை. மேலும், ஆசிரியர் குழுவின் கலந்தாய்வு இரகசியமானது என்னும் கோட்பாட்டைப் புதிய சட்டம் பேணிற்று. அக்கோட்பாடு குழு பயன்படுத்திய கருவியையும் மூடிமறைத்தது. பழைய முறைமையில் மனிதன் இல்லை, ஆகவே இயந்திரம் தன் நிரலைக் காட்டவேண்டியதாயிற்று. புதிய முறைமையில் மனிதன் இருந்தான், ஆகவே இயந்திரம் அவன் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. குடிமகனைப் பாதுகாக்கவென வகுக்கப்பட்ட சொல்லே கருவியைப் பாதுகாக்கும் திரையாயிற்று என்பது இவ்வரலாற்றின் பெரும் முரண்பாடாகும்.

மாணவர் ஒன்றியம் ஒன்று இதனை எதிர்த்து வழக்காடியது. 2019 பெப்ரவரியிற் குவாதலூப் நிருவாக நீதிமன்றம், பல்கலைக்கழகம் தன் கருவியை வெளிப்படுத்தவேண்டும் எனத் தீர்த்தது. அதே ஆண்டு ஜூன் 12இல் உச்ச நிருவாக நீதிமன்றமாகிய அரச பேரவை அத்தீர்ப்பை நீக்கியது. தன் விடயத்திற் தீர்மானம் வெளிவந்தபின் தனித்தனி மாணவன் கேட்கலாம், ஏனையோர் கேட்கலாகாது என்பது அதன் முடிவு. பின்னர் விடயம் அரசியலமைப்புப் பேரவைக்குச் சென்றது. 2020 ஏப்ரல் 3ஆம் திகதி அப்பேரவை ஓர் இடைவழியைக் கண்டது. 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை அரச அலுவலர் தம் நிருவாகத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்கின்றது. நிருவாக ஆவணங்களைப் பார்வையிடும் உரிமை அதிலிருந்து பிறக்கின்றது எனப் பேரவை தீர்த்தது. குழுவின் இரகசியம் நிலைக்கலாம். ஆயினும் அனுமதி முடிந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தான் கையாண்ட அளவுகோல்களையும், அல்கோரிதம் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதையும் வெளியிடுதல் வேண்டும்.

7. கற்கும் இயந்திரத்துக்கு இட்ட எல்லை

2018இல் வந்த இன்னொரு தீர்ப்பு செயற்கை நுண்ணறிவை நேரடியாகத் தொட்டது. அவ்வாண்டு அரசாங்கம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, நிருவாகத் தீர்மானங்கள் பலவற்றை அல்கோரிதத்தை மட்டும் கொண்டு மேற்கொள்வதற்கு இடமளித்தது. நாற்பதாண்டுத் தடை தளர்ந்தது. அத்தளர்வு அரசியலமைப்புக்கு மாறானது என வாதிடப்பட்டபோது, ஜூன் 12ஆம் திகதி அரசியலமைப்புப் பேரவை அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அத்தகைய தீர்மானத்துக்கு நிபந்தனைகளைச் சுட்டிற்று. அல்கோரிதத்தின் தொழிற்பாட்டைச் சொல்ல இயலாதவிடத்து அதனைத் தனியடிப்படையாகக் கொள்ளலாகாது. தீர்மானத்துக்கு எதிராக நிருவாகத்திடமே முறையிட வழியிருத்தல் வேண்டும். அம்முறையீட்டை மீண்டும் அல்கோரிதத்தை மட்டும் கொண்டு தீர்க்கலாகாது. இனம், மதம், உடல்நலம் போன்ற நுண்ணிய தரவுகள் அதிற் சேரலாகாது.

இறுதி நிபந்தனையே மிக முக்கியமானது. அல்கோரிதம் எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கு விபரமாகவும் விளங்கும் வகையிலும் எடுத்துரைக்க நிருவாகம் வல்லதாயிருத்தல் வேண்டும். ஆகவே, தன் விதிகளைத் தானே மாற்றிக்கொள்ளும் கற்கும் இயந்திரத்தை, அதிகாரியின் கட்டுப்பாடும் அங்கீகாரமும் இன்றி, தனியடிப்படையாகக் கொள்ளலாகாது. தன் தீர்மானத்துக்குக் காரணங் கூறத்தெரியாத அரசு அத்தீர்மானத்தை மேற்கொள்ளும் உரிமையையும் இழக்கின்றது என்னும் கோட்பாடு இதன்வழி நிலைநாட்டப்பட்டது. இயந்திரத்தின் திறமை எவ்வளவு சிறந்ததாயினும் இவ்விதி மாறாது என்பது கவனிக்கத்தக்கது.

8. தீர்மானிக்காத தீர்மானம்

இயந்திரம் தீர்மானிக்கலாமா என்னும் வினாவுக்கு இவ்வாறு விடைகண்ட சட்டம், தீர்மானத்துக்கு முந்திய கட்டத்தை நெடுங்காலம் நோக்காதிருந்தது. பிரான்சின் குடும்ப உதவிப்பண நிறுவனம் 2010களிலிருந்து, உதவி பெறும் குடும்பங்களுக்குத் தவறு நிகழும் வாய்ப்பைக் குறிக்கும் புள்ளியொன்றைக் கணனியின் மூலம் இட்டுவந்தது. புள்ளி உயர்ந்தவரின் கோப்பைப் பரிசோதகர் ஆராய்வர். உதவியை நிறுத்துவது மனிதன். இயந்திரம் ஆளை மட்டுமே சுட்டுகின்றது. 2023இன் இறுதியில் உரிமை அமைப்பொன்று பெற்று வெளியிட்ட மூல நிரல்களின்படி, வருமானக் குறைவும் வேலையின்மையும் வறிய பகுதியில் வசித்தலும் புள்ளியை உயர்த்துவனவாக இருந்தன. வறுமையின் அடையாளங்களே ஐயத்தின் அடையாளங்களாயின. 1981இல் தொட்டிற் குழந்தைகளுக்கு மறுக்கப்பட்ட முத்திரை, முப்பதாண்டுகளின் பின் அவர்களின் குடும்பங்கள்மீது விழுந்தது எனலாம். 2024 ஒக்டோபரில் 15 அமைப்புகள் இதற்கு எதிராக அரச பேரவையில் வழக்குத் தொடுத்தன.

இத்தகைய புள்ளியீடு எங்கே கொண்டுசெல்லக்கூடும் என்பதை அயல்நாடான நெதர்லாந்து காட்டிற்று. அங்கு பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணம் பெற்ற பல்லாயிரம் குடும்பங்கள் மோசடி செய்தோர் எனத் தவறாகக் கருதப்பட்டுப் பெருந்தொகைகளைத் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டன. வரித்திணைக்களத்தின் புள்ளியீட்டு முறைமை பிரசாவுரிமையையும் ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தது. இவ்விவகாரத்தால் 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி துறந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2020 பெப்ரவரி 5ஆம் திகதி, ஹேக் மாவட்ட நீதிமன்றம் மோசடியைக் கண்டறியவென அமைந்த வேறொரு முறைமையைச் சட்டவிரோதமானது எனத் தீர்த்திருந்தது. அதன் தொழிற்பாடு போதிய அளவு வெளிப்படையாயில்லை என்பது அத்தீர்ப்பின் முக்கிய காரணமாகும்.

சட்டம் மெல்ல மெல்ல இவ்விடைவெளியை நிரப்ப முயல்கின்றது. 2023 டிசெம்பர் 7ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், ஜேர்மனியக் கடன்தகுதிப் புள்ளி பற்றிய வழக்கொன்றில், புள்ளியைப் பெறுபவர் அதனையே பெரிதும் சார்ந்து செயற்படுவாராயின் புள்ளியிடுதலே ‘தீர்மானம்’ ஆகும் எனத் தீர்த்தது. ஒப்பமிடும் கையைப் பாராது, அக்கையை இயக்கும் காரணத்தைப் பார்க்கும் நோக்கு இது. 2024 ஓகஸ்ட் முதலாம் திகதி வலுப்பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவு ஒழுங்குவிதி, கல்வி நிறுவன அனுமதியையும் அத்தியாவசிய அரச உதவிகளுக்கான தகுதியையும் மதிப்பிடும் முறைமைகளை ‘உயர் ஆபத்து’ வகையிற் சேர்த்தது. ‘மட்டும்’ என்னும் சொல்லைக் கடந்து, தீர்மானத்தில் இயந்திரம் துணையாக நிற்கும் நிலைகளையும் இவ்வகைப்பாடு தழுவுகின்றது. அதன் விதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருவனவாகையால் அதன் பயனை மதிப்பிடுதற்குக் காலம் இன்னும் கனியவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, ‘மனிதன் இருக்கிறான்’ என்பது மட்டும் நீதிக்கு உத்தரவாதமாகாது. கோப்பைப் படித்து மாறுபடத் துணியும் அதிகாரியும், கணனி தந்த வரிசையின்கீழ் ஒப்பமிடும் அதிகாரியும் சட்டத்தின் கண்ணுக்கு நெடுங்காலம் ஒருவராகவே தோன்றினர். இரண்டாவது, குடிமகனைக் காத்தது பெரும்பாலும் அறிதற்குரிய காரணமேயாகும். 1978இன் இரண்டாம் பிரிவு காலப்போக்கிற் தேய்ந்தது. மூன்றாம் பிரிவோ 2016இலும் 2018இலும் 2020இலும் புதுவலுப் பெற்றது.

இவ்வுண்மைகள் இலங்கைக்கு அந்நியமானவையல்ல. 2011ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களின்கீழ்த் தோற்றிய மாணவர்களின் இசட் புள்ளிகள் கணிக்கப்பட்ட முறையை உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் நிராகரித்தது. இரு தொகுதியினருக்கும் வேறுவேறாகக் கணிக்கப்படவேண்டும் எனவும் அது பணித்தது. கணிப்பு முறை பலரும் அறிந்ததாய் இருந்தமையாலேயே அதனைப் புள்ளிவிபரவியல் அடிப்படையில் எதிர்த்துரைத்தல் கூடிற்று. விதி மறைந்திருப்பின் அநீதியும் மறைந்தே இருந்திருக்கும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னியக்கச் செயன்முறையை மட்டும் அடிப்படையாகக் கொண்டதும், ஒருவரின் உரிமைகளில் மீளமுடியாததும் தொடர்ச்சியானதுமான தாக்கத்தை விளைவிக்கக்கூடியதுமான தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை இந்நாட்டவர்க்கு வகுத்துள்ளது. பாரிஸில் 1978இற் பிறந்த அச்சொல் ஐரோப்பாவின் வழியாகக் கொழும்பையும் வந்தடைந்துள்ளது. அதனோடு அதன் பலவீனமும் வந்தடைந்துள்ளது என்பதை மறத்தலாகாது. இடையில் ஓர் அதிகாரியின் ஒப்பம் சேர்ந்தவுடன் அவ்வுரிமை எட்டாது போகுமா என்னும் வினா இங்கும் எழுந்தே தீரும். அது எழும்போது, ஒப்பமிட்டவர் யார் என்று கேட்பதோடு அமையாது, அவர் எக்காரணத்தைக் கண்டு ஒப்பமிட்டார் என்றும் கேட்கவேண்டும் என்பதே பிரெஞ்சு அனுபவம் புகட்டும் பாடமாகும்.